கரைவதற்காக வைத்த மண்

விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கிய கையோடு நான் செய்த முதல் காரியம், பெட்டியை இழுத்துக்கொண்டு போய் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டது. எழுபத்து நான்கு வயதில், கொழுப்புக்கு மாத்திரை விழுங்குகிற ஆள் செய்யக்கூடாத காரியம். ஆனாலும் இந்தப் பயணத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். என் வாழ்க்கையின் பெரிய தப்பு ஒரு மத்தியானம், இதே ஊரில், இதே பரோட்டாவின் முன்னால் நடந்தது.

பரோட்டா மாறவில்லை. பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. பரிமாறியவர் என் பெட்டியில் ஒட்டியிருந்த விமான நிலையச் சீட்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"எந்த ஊர்ல இருந்து வாறீக?"

"ஆஸ்திரேலியா. மக வீடு."

"அங்கன பரோட்டா கெடைக்குமா?"

"ஐஸ் பெட்டியில வச்சது கெடைக்கும்."

"அடப் பாவமே" என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார். அந்தக் கரிசனத்துக்கு நான் தகுதியானவன் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

நான் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த புதிதில் இந்தப் பக்கம் இருந்தேன். வைப்பாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடை, இரண்டு மாவட்டங்களுக்கு எல்லையாக ஓடுகிறது. மேலே இருக்கும் ஊரை மேலப்பட்டி என்றும், கீழே அக்கரையில் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் ஊரைக் கீழப்பட்டி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்களை எழுதப்போவதில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும்.

ஓடையின் குறுக்கே பழைய கல் அணை ஒன்று உண்டு. ஆள் உயரம்தான். அதன் முதுகில் எட்டுக் கற்கள் பல் போல நட்டிருக்கும். நடுவே ஏழு இடைவெளிகள். ஆவணியில் மேலப்பட்டிக்காரர்கள் அந்த இடைவெளிகளில் களிமண்ணும் பனைமட்டையும் வைத்து அடைப்பார்கள். முதல் மழையில் மேலே தண்ணீர் தேங்கும். கார்த்திகையில் கீழப்பட்டிக்காரர்கள் வந்து அந்த மண்ணைக் கையால் எடுத்துப்போடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற தண்ணீர் கீழே அவர்களுடைய கண்மாய்க்கு. நடுவில் பெருவெள்ளம் வந்தால் மண் தானே கரைந்து வழிவிடும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்று என் கண்ணுக்கு அது மட்டமான வேலையாகத் தெரிந்தது. வருடாவருடம் மண் வைப்பார்களாம், வருடாவருடம் அது போய்விடுமாம்! குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு மேலே நிலையாகத் தண்ணீர் தேங்க வேண்டும் என்றார்கள். ஏழு இடைவெளிகளையும் கான்கிரீட் போட்டு அடைத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதற்கு முன் கீழ்ப்பகுதியை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஜீப் இருந்தது. வெயிலும் இருந்தது, பசியும் இருந்தது. கீழப்பட்டி வேறு பக்கத்து ஜில்லா. ஜீப்பை விருதுநகருக்குத் திருப்பச் சொன்னேன். பரோட்டா வந்து சேர்வதற்குள் மடியில் கோப்பை விரித்து எழுதினேன்: 'கீழ்ப்பகுதியை நேரில் பார்வையிட்டேன். இந்த ஓடை நீரை நம்பி அங்கே எவ்விதப் பயன்பாடும் இல்லை.' காகிதத்தில் எண்ணெய் படாமல் எழுதியதில் எனக்குப் பெருமைகூட.

பிறகு பதவி உயர்வு, வேறு ஊர்கள், ஓய்வு. மனைவி போனபின் மகளோடு போய்ச் சேர்ந்தேன். அவள் இருக்கும் ஊரும் ஓர் எல்லை ஆற்றின் கரையில்தான். அக்கரை வேறு மாநிலம். ஆற்றோரச் சதுப்புக் காட்டுக்கு இந்த வருடம் எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். பொழுது போகட்டும் என்று மருமகன் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். விவசாயிகள் ஒரு பக்கம், ஊர்க்குடிநீர்க்காரர்கள் ஒரு பக்கம், பறவைகளுக்காகப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம். நம் ஊர்க் கூட்டம் போலவே சத்தம். ஒரே வித்தியாசம், அங்கே அடிக்கடி ஜாம் தடவிய ரொட்டி கொடுத்தார்கள். வாயில் ரொட்டி இருக்கிறவரை சண்டை நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டுப்பண்ணைக்காரப் பெண்மணிக்கு என் வயது இருக்கும். நான் தண்ணீர் இன்ஜினியர் என்று தெரிந்ததும் கேட்டார்: "கீழே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று உங்கள் நாட்டில் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

"நேரில் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

"அதுதான் சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அதே பொய்யை அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரமே சிவகாசியிலிருந்து ரத்தினவேல் போன் செய்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறான். மேலப்பட்டி அணைத் தண்ணீர் குடிக்கிற ஏழெட்டு ஊர்களின் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். "ஏலே, கீளப்பட்டிக்காரவுக அணையை ஒடைக்கணும்னு மனுக் கொடுத்திருக்காக. பளைய கோப்பை எடுத்துப் பாத்தா, கீள ஒண்ணுமே இல்லைன்னு நீ எளுதிக் கையெளுத்துப் போட்டிருக்க! ஒன் கையெளுத்துதான்லே எங்களக் காப்பாத்துது" என்று சிரித்தான். கோட்டாட்சியர் முன்னால் பேச்சுவார்த்தை வைத்திருக்கிறார்கள் என்று தேதி சொன்னான். நான் வருகிறேன் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை சிவகாசி பஸ். ஆமத்தூர் தாண்டி ஒரு மைல் போனதும் டயர் பஞ்சரானது. எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் நின்றோம். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ என்னை ஏற்றிக்கொண்டது. உட்கார இடமில்லை, பட்டாசில் ஒட்டும் லேபிள் கட்டின் மேல் உட்காரச் சொன்னார் ஓட்டுநர். அவர் வாயில் பற்றவைக்காத பீடி.

"பத்த வச்சிராதீக" என்றேன் பயந்து.

"சீசன் முடியிற வரைக்கும் இப்படித்தான்யா. சும்மா வாயில வச்சிருந்தாலே பாதி குடிச்ச மாதிரி. கீள பாத்து உக்காருங்க, சாமி படம் கசங்கிரும்."

எந்தச் சாமியின் மேல் உட்கார்ந்து போனேன் என்று கடைசிவரை கேட்கவில்லை.

சிவகாசியில் எப்போதும் அடுத்த வருடம்தான் நடக்கிறது. ரத்தினவேலின் பிரஸ்ஸில் வரும் தையும் மாசியும் சித்திரையும் ஏற்கெனவே அச்சாகி, ஈரம் காய அடுக்கியிருந்தன. அவன் ஏப்ரல் மாதத்தைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடிவந்து, வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டு அறிமுகம் செய்தான். "நம்ம சாட்சி வந்தாச்சு! பிளேன்ல வந்திருக்கான்யா, பிளேன்ல!"

வீட்டில் அவன் மனைவி சரசு மதினி கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் வைத்திருந்தார். கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே நான் பார்த்தது, ஒரு வீட்டில் இத்தனை பாத்திரமா என்று மலைக்க வைத்தது. நீல டிரம், பச்சை டிரம், அண்டா, வாளி, பால் கேன், மூடி இல்லாத பிரஷர் குக்கர் வரை எல்லாவற்றிலும் தண்ணீர்.

"குளாயில எப்ப வரும்னு சொல்ல முடியாதுண்ணே" என்றார் மதினி. "எட்டு நாளும் ஆவும், பத்து நாளும் ஆவும். மக கல்யாணத்துக்குக்கூட நான் இம்புட்டுப் பாத்திரம் வாங்கல. தண்ணி வந்துச்சுன்னா கோயிலுக்குக் கெளம்புனவகூட சேலையத் தூக்கிச் சொருகிட்டுத் திரும்பிருவேன்."

"கவலைப்படாத. இவன் வந்துட்டான்ல" என்று ரத்தினவேல் என் முதுகில் அறைந்தான். மதினி எனக்கு இன்னொரு முட்டை வைத்தார். சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். நான் முட்டையைச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு. வெம்பக்கோட்டை அணையைச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரத்தினவேலிடம் பொய் சொல்லிவிட்டு, மினி பஸ் பிடித்து எல்லை தாண்டி இறங்கி, வெயிலில் நடந்து கீழப்பட்டிக்குப் போனேன். நாற்பது நிமிட நடை. நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஜீப்பில் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

மனுக் கொடுத்தது யார் என்று முதல் வீட்டிலேயே விசாரித்தேன். "முத்துமாரி. வார்டு மெம்பர். அந்தா, கம்மாக்கரையில துணி காயப்போடுது பாருங்க." ஐம்பதை நெருங்கும் பெண். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். விடுமுறை நாளிலும் விரல் நகங்களின் ஓரத்தில் அலுமினியப் பொடியின் வெள்ளிநிறம் போகாமல் இருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. இன்ன வருடம் இன்ன வேலையில் இருந்தேன், அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான் என்றேன்.

முத்துமாரி ஒரு சேலையை முழுதாக உதறிக் காயப்போட்டு முடித்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே நகல். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கியிருக்கிறார்கள். கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார்: "'அங்கே எவ்விதப் பயன்பாடும் இல்லை.' எளுத்து நல்லா முத்து முத்தா இருக்குய்யா. நாங்களே ரொம்பத் தடவை சொல்லிருக்கோம்."

"நான் அன்னைக்கு இங்க வரவே இல்லம்மா."

"அதான் எங்களுக்கே தெரியுமே. வந்திருந்தா கால் நனஞ்சிருக்கும்ல?"

கரையின் மேல் ஏறினோம். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். நடுவில் மட்டும், போன மழையின் மிச்சமாக ஒரு கூடம் அளவுக்குச் சேற்றுநீர். ஓரத்தில் நான்கு கொக்குகள், கடை மூடியிருக்கிறதா என்று பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் போல நின்றன.

"முன்னாடி கூளக்கடா, நாரையெல்லாம் இங்கனதான் வந்து குஞ்சு பொரிக்கும்னு எங்க மாமியா சொல்லும். நானே ஒரு தரம் பாத்தேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி பெரிய மளை, அணைக்கு மேலயே வளிஞ்சு வந்துச்சு. பறவை வந்து மரமெல்லாம் கூடு. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். மேக்க இருந்து அப்புறம் சொட்டுத் தண்ணி வரல. தை மாசம் வத்திப்போச்சு. மரத்தச் சுத்தித் தண்ணி இருந்தாத்தான் குஞ்சுக்குக் காவல். காஞ்சதும் நாய் வந்துருச்சு." காலால் ஒரு மண்கட்டியைத் தள்ளிவிட்டார். "கெணறும் உப்பாப் போச்சு. நாங்க குடிக்கிறது பட்டாசுக் கம்பெனியில இருந்து கேன்ல கொண்டாற தண்ணி. அந்தத் தண்ணி எங்கனக்குள்ளது தெரியுமா? ஒங்க அணைத் தண்ணிதான்."

அன்று ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, "அந்த மண்ணு கரையத்தான்யா வைக்கிறது" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன். பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் யார், குடும்பம் இருக்கிறதா என்று முத்துமாரியிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் தேவையாக இருந்தது எனக்கு.

"யாருன்னு கேட்டா எப்படிய்யா? வருசா வருசம் ஒருத்தர் போனாக. எங்க மாமனார் போனாக, எங்கப்பா போனாக, கெளக்கு வீட்டுப் பெரியவர் போனாக. நீங்க ஒருத்தரத்தான் பாத்தீகளா?"

தண்ணீர் வந்திருந்தால் இவர்கள் யாரும் பட்டாசு மருந்து இடிக்கப் போயிருக்க மாட்டார்கள், விவசாயத்திலேயே இருந்திருப்பார்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். முத்துமாரி தடுத்துவிட்டார்.

"அப்படியெல்லாம் சொல்லாதீக. போயிருப்போம். வெவசாயக் கூலிய விடக் கம்பெனி மேல்தான். ஆனா போறதா வேண்டாமான்னு நாங்க யோசிச்சு முடிவு பண்ணியிருப்போம்ல? அது இல்லாமப் போச்சு." பிறகு, "சாப்பிட்டீகளா?" என்றார். தக்காளிச் சோறும் வத்தலும் கொடுத்தார். தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலேயே ஒரு சொம்பு வைத்தார். குடித்தேன். மேலப்பட்டித் தண்ணீர்தான்; குளோரின் வாசம் எனக்குத் தெரியாதா!

"நாளைக்குக் கூட்டத்துல இதச் சொல்லுவீகளா?" என்று பஸ் வரும்வரை அவர் கேட்கவே இல்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னலோரம் வந்து கேட்டார். சொல்வேன் என்றேன். "பாப்போம்" என்றார்.

திங்கள்கிழமை ரத்தினவேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தான். காரில் போகும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். விஸ்வநத்தம் பக்கம் லோடு லாரிகளின் வரிசையில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டோம், அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கோழைத்தனத்துக்கு வயது தடையே இல்லை.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் நீளமான மேசை. ஒரு பக்கம் ரத்தினவேலும் சங்கத்தாரும், எதிரே முத்துமாரியும் கீழப்பட்டிப் பெண்கள் நான்கு பேரும். எல்லோரும் அரைநாள் கூலி விட்டு வந்திருந்தார்கள். கோட்டாட்சியர், என் மகள் வயதுள்ள அம்மையார், கோப்பைப் பார்த்து, "இதை எழுதிய பொறியாளர் வந்திருக்கிறாராமே?" என்றார்.

எழுந்து நின்றேன். அந்தக் குறிப்பு பொய் என்றேன். நான் கீழப்பட்டிக்குப் போகவில்லை, அன்று மத்தியானம் விருதுநகரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், மண் வைப்பதன் காரணத்தை என்னிடம் சொன்ன மனிதரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன் என்றேன். நேற்றுதான் முதன்முதலாக அந்தக் கண்மாயைப் பார்த்தேன் என்றும் சொன்னேன். என்ன தண்டனை வந்தாலும் சரி என்று முடித்தேன்.

"தண்டனையா?" அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து உங்களை நான் என்ன செய்ய? சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." அவ்வளவுதான். வெகுதூரத்திலிருந்து தண்டனை வாங்க வந்தவனுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கிடைத்தன.

ரத்தினவேல் என்னைப் பார்க்கவே இல்லை. "இவன் சொல்றது இருக்கட்டும்மா" என்றான். "எங்க ஏளெட்டு ஊருக்கும் அந்தத் தண்ணிதான். என் வீட்டுக்காரி குக்கர்ல தண்ணி பிடிச்சு வச்சிருக்கா. அணைய ஒடச்சா நாங்க எங்க போவோம்?"

"ஒடைக்க யாரு சொன்னா அண்ணாச்சி?" என்றார் முத்துமாரி. "ஒங்களுக்குத் தண்ணி நின்னா எங்களுக்கும்தான் நிக்கும். கேன்ல நாங்க கொண்டாறது எந்தத் தண்ணி? ஏளு இடவெளியில மூணத் தொறந்து, பளையபடி மண்ண வைங்க. ஒங்களுக்கு நெறையட்டும். கார்த்திகையில நாங்க வந்து எடுத்துக்கிறோம்."

"ஒண்ணு."

"ஒண்ணுல வர்ற தண்ணி மணலுக்கே பத்தாது அண்ணாச்சி. ரெண்டு. இதுக்குக் கீள எறங்க மாட்டோம்."

அம்மையார் என்னைப் பார்த்தார். இரண்டைத் திறந்தால் மேலே எவ்வளவு குறையும் என்று, இந்த முறை, தெரிந்ததை மட்டும் சொன்னேன். நல்ல மழை ஆண்டில் மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மழை பொய்த்தால் மாசிக்கு மேல் மதினிக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும். அதை மறைக்கவில்லை. சங்கத்தார் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஒன்று மட்டும் எடுப்பது என்று முத்துமாரி ஒரு படி இறங்கிவந்தார். ரத்தினவேல் கடைசியில் தலையாட்டினான்.

"இன்னொண்ணு" என்றார் முத்துமாரி. "மண்ணு எடுக்கிற அன்னைக்கு மேலப்பட்டிக்காரவுக எங்களுக்குச் சோறு போடணும். அதான் அந்தக் காலத்து வளக்கம்."

"சோறு வேறயா! தண்ணியையும் கொடுத்து?"

"கறிச்சோறு."

"சாம்பார்."

"அண்ணாச்சி, சாம்பாருக்கு மண்ணள்ள ஆள் வராது."

கோட்டாட்சியரே சிரித்துவிட்டார். கறிச்சோறு பதிவேட்டில் ஏறவில்லை; மற்றதெல்லாம் ஏறியது.

திரும்பும்போது காரில் பத்து மைல் வரை ரத்தினவேல் முன்னால் போன லாரிகளைத் திட்டிக்கொண்டே வந்தான். பிறகு வெடித்தான். "மூணு நாளா என் வீட்டுச் சோத்தத் தின்னயேலே! மொத நாளே சொல்லியிருந்தா நான் என்ன, ஒன்ன வெரட்டியா விட்டிருப்பேன்?"

"வெரட்டித்தான் விட்டிருப்ப."

யோசித்தான். "ஆமா, விட்டிருப்பேன்" என்றான். வீட்டுக்குப் போனதும் என் பெட்டியை வாசலில் வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "குளிக்க ஒரு வாளிதான். அதுக்கு மேல சொட்டுக் கெடையாது" என்று மட்டும் சொன்னான். மதினி மறுநாள் முட்டை வைக்கவில்லை. அது நியாயம்தான்.

வீடு திரும்பும் விமானம் அந்த வாரக் கடைசியில். போனில் மகளைக் கூப்பிட்டுக் கார்த்திகை வரை இருக்கிறேன் என்றேன். மாத்திரை தீர்ந்துவிடுமே என்றாள். மாத்திரை இங்கும் விற்கிறார்கள் என்றேன்.

கான்கிரீட் வெட்டும் இயந்திரம் பத்து நாளில் வந்தது. இரண்டு இடைவெளிகளை வெட்ட இரண்டு நாள். நன்றாகத்தான் போட்டிருந்தேன். ஒவ்வொரு துண்டாக விழும்போது இயந்திரக்காரர், "எந்தப் பாவி போட்டானோ, கல்லு மாதிரி இருக்கு" என்றார். நான்தான் என்று சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மேலப்பட்டிக்காரர்கள் களிமண் வைத்து அடைத்தார்கள். தீபாவளி போனது. மழை இந்த வருடம் ஏமாற்றவில்லை. கல்லின் கழுத்துவரை தண்ணீர் நின்றது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு காலை, கீழப்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். "ஐயா, இடுப்பப் பிடிச்சுக்கிட்டா நாங்க தூக்கிட்டுப் போக மாட்டோம்" என்று ஒரு பெண் எச்சரித்தார். முதல் இடைவெளி சுலபமாக வந்தது. இரண்டாவதில் மண் ஒரு சாண் போனதும் கடப்பாறை ணங்கென்றது. உள்ளே செங்கல் அடுக்கியிருந்தது.

எல்லோரும் நிமிர்ந்து கரையில் நின்ற ரத்தினவேலைப் பார்த்தார்கள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"மண்ணுதான பேச்சு அண்ணாச்சி?" என்றார் முத்துமாரி.

"ஒரு பலத்துக்கு வச்சது" என்றான். குரலில் சுரத்து இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுலே, இன்ஜினியரு. மெல்லிசா ஒரு வரிசை செங்கல் இருந்தா என்ன கொறஞ்சிரும்? ஒண்ணுல போற தண்ணி அதுகளுக்குப் போதும்னு சொல்லு."

ஐம்பது வருடத்துக்கு மேலான நண்பன். அவன் வாளியில் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

"போதாது" என்றேன். "எடுக்கணும்."

மேலே சமையல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற மதினியிடமிருந்து சத்தம் வந்தது. "செங்கல்லு வச்சீகளா? யாரக் கேட்டு வச்சீக? பேசுனது பேசுனதுதான். எடுக்கச் சொல்லுங்க. கறி ஆறுது!"

ரத்தினவேல் செருப்பைக் கழற்றினான். மூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிவந்து, முத்துமாரியின் கையிலிருந்த கடப்பாறையை வாங்கி, முதல் செங்கல்லை அவனே பெயர்த்தான்.

தண்ணீர் கலங்கலாகப் பாய்ந்து ஓடையில் விழுந்தது. எல்லோரும் சாப்பாட்டுக்கு ஏறினார்கள். நான் ஏறவில்லை, அது போகும் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

"ஐயா, இலை போட்டாச்சு, எங்க போறீக?" என்று முத்துமாரி கூப்பிட்டார்.

"கீழ."

"தண்ணி தானாப் போயிரும்யா!"

எனக்கும் தெரியும். ஈரமணலில் அது முதலில் என் வேகத்துக்கே வந்தது. நுரையும் சருகும் பனைமட்டைத் துண்டுமாக, காலுக்குப் பக்கத்தில். முதல் வளைவில் என்னை முந்தியது. இரண்டாவது வளைவில் அதன் சத்தம் மட்டும் முன்னால் கேட்டது. அதற்குப் பிறகு அதுவும் கேட்கவில்லை. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். கண்மாய்க் கரையை நான் ஏறி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் எனக்கு முன்னாலேயே வந்து, கருவேல மரங்களின் அடியில் பரவிக்கொண்டிருந்தது.